இடப்பக்கக் கொம்பு

நான் படம் வரைகிறவள். ரோஜா, தாமரை எல்லாம் வரைவதில்லை. வேலியோரத்திலும் சாக்கடையோரத்திலும் யார் தயவும் இல்லாமல் முளைக்கிற செடிகளைத்தான் வரைவேன். அண்ணனுடைய அச்சகம் காட்டுச்செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டது. அதற்கு நரிப்பயறு வரைந்து கொடுத்தேன். இத்தனை வருடம் அவனுக்கு வரைந்ததில் எதிலும் என் பெயர் வந்ததில்லை. "வீட்டு ஆளுக்கு எதுக்குப் பேரு?" என்பான். இந்த முறை மல்லுக்கட்டி, படத்தின் மூலையில் என் கையெழுத்து இருக்கும் என்று சம்மதிக்க வைத்திருந்தேன்.

நரிப்பயறு தரையோடு படரும். ஒரு காம்புக்கு மூன்று இலை, ஒவ்வொன்றும் மறுபடி மூன்றாகப் பிளந்திருக்கும். காம்பின் அடியில் ஒரு செதில், நடுவில் குண்டூசி குத்தி வைத்தது போல ஒட்டியிருக்கும். பூ மஞ்சள், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பின்னால் கொடி இதழ், இரண்டு பக்கமும் சிறகு இதழ், நடுவில் படகு இதழ். அந்தப் படகு சமர்த்தாக நேரே இருக்காது, முறுக்கிக்கொண்டு வளையும். பூவின் இடக்கைப் பக்கமாக அதில் ஒரு குட்டிக் கொம்பு துருத்திக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தில் கிடையவே கிடையாது. லென்ஸுக்குக் கீழே அதை முதலில் பார்த்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அச்சேறப் போகிற அன்று சோதனைத் தாளைப் பார்த்தேன். கொம்பு வலப்பக்கம் இருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பக்கங்களைக் கணினியில் அமைக்கிறவனுக்கு மவுஸ் என்று பெயர் வைத்திருந்தோம். அவனிடம் போய் நின்றேன்.

"செடி வெளிப்பக்கம் பார்த்துட்டு இருந்துச்சுக்கா. உள்ள பார்த்தா அழகா இருக்கும்னு இடம் வலமாப் புரட்டிப் போட்டேன்."

"என் கையெழுத்து மட்டும் எப்படி நேரா இருக்கு?"

"அதுவும் புரண்டுடுச்சு. யாராலயும் படிக்க முடியல. அதனால அதை மட்டும் வெட்டித் திருப்பி வச்சுட்டேன்." பெருமையாகச் சொன்னான்.

"எழுத்து புரண்டா தெரியுது, பூ புரண்டா தெரியலையா உனக்கு?"

சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். "அச்சுத் தகடு போட்டாச்சு, மெஷின் ஓடப்போகுது. இத்தினியூண்டு பூ! அதுல கொம்பு எந்தப் பக்கம்னு எவன் பார்க்கப் போறான்?"

நான் நேரே அச்சகத்தின் பின்சுவரோரம் போனேன். அங்கேயே படர்ந்து கிடந்த நரிப்பயற்றை வேரோடு பிடுங்கி, மண்ணும் தானுமாக அண்ணன் மேசைமேல் போட்டேன். அச்சுப் புள்ளிகளைப் பார்க்க அவன் வைத்திருக்கும் லென்ஸையும் நீட்டினேன்.

"ஒரே ஒரு பூவுக்காவது வலப்பக்கம் கொம்பு இருந்தா, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

வீம்புக்கு ஒவ்வொரு பூவாகப் பார்த்தான். காய்ந்த காய் ஒன்று அவன் விரல்பட்டு வெடித்து, முறுக்கிக்கொண்டு விதைகளை அவன் சட்டைமேல் தெறிக்கவிட்டது. மவுஸ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி, எல்லாம் இடப்பக்கம்தான். அதுக்கென்ன இப்போ?"

அதுக்கென்னவா! மெஷின் பக்கம் போனேன். பூவைப் பிரிக்க வைத்திருந்த ஊசி என் பையில் இருந்தது. மெஷினில் மாட்டத் தயாராயிருந்த தகட்டில், என் பெயரில் தொடங்கி அந்தப் பூவரைக்கும் அழுத்தி ஒரே கோடு இழுத்தேன். மெஷின்காரர் "ஐயையோ" என்று தலையில் கைவைத்தார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "புதுத் தகடு போடறேன். ஆனா ஒண்ணு. பூ மாறணும்னா உன் பேர் கிடையாது. பேர் வேணும்னா இதே பூதான். எது வேணும், சொல்லு!"

"பூ."

யோசிக்காமல்தான் சொன்னேன். ஆனால் வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

அச்சான தாள்கள் கட்டுக்கு வந்தன. தைத்து ஒட்டுகிற அறை அண்ணியின் பொறுப்பு. அங்கே போய் முடிந்த ஒரு பிரதியைப் பிரித்தேன். கொம்பு இடப்பக்கம் இருந்தது. மூலை வெறுமையாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் மகராசன்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்த மூலையில் கையெழுத்துப் போட்டேன். அடுத்ததை எடுத்தேன்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். "என்ன பண்ற?"

"பேர் அச்சாகாதுன்னுதானே சொன்ன? எழுதக்கூடாதுன்னு சொல்லலையே."

"எல்லாத்துலயும் போடப் போறியா? கை ஒடிஞ்சுடும்."

"என் கைதானே."

அவன் அண்ணியைப் பார்த்தான், நீயாவது சொல்லேன் என்பது போல. அண்ணி பசைக் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அடுக்கை என் பக்கம் நகர்த்தி, நரிப்பயறு இருந்த பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

"மை காயட்டும்," என்றாள் என்னிடம். "உடனே மூடிடாத."