க்ளியோஃபாவின் கல்லில் ஒரு வார்த்தை

ஓர்மண்ட் பெடோவுக்கு வாயைத் திறந்தால் சின்ன வார்த்தை வராது. ஹில்ஸ்பரோ தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திய மனிதர். வாரத்துக்குப் பத்துக் கடினமான ஆங்கில வார்த்தைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவற்றை யார் தலையிலாவது கட்டிவிடுவார். மழை வரும்போல இருக்கிறது என்பதற்குக்கூட வாய்க்குள் நுழையாத ஒன்றை வைத்திருப்பார். எங்கள் கேரியாகூ தீவிலும் அப்படிப் பேசுகிறவருக்குத்தான் மதிப்பு. யார் செத்தாலும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாதி புரியாது. புரியாததால்தான் கைதட்டல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ரொட்டிக்காரி க்ளியோஃபா இறந்தபோதும் அவர்தான் பேசினார். மெரிட்ரிஷஸ் வாழ்க்கை வாழ்ந்தவள் என்று முடித்தார். சர்ச்சே எழுந்து நின்று தட்டியது.

எங்கள் பக்கம் இறந்தவருக்கு உடனே கல் வைப்பதில்லை. பல வருஷம் கழித்து, வெளிநாட்டுச் சொந்தங்களையெல்லாம் வரவழைத்து, ஆடு வெட்டி, மேளம் அடித்து, விருந்தோடுதான் வைப்போம். அதுவரை செத்தவர் முழுசாகப் போய்ச் சேரவில்லை. க்ளியோஃபாவின் கல் பக்கத்துப் பெரிய தீவு கிரெனடாவிலிருந்து புதன்கிழமைக் கப்பலில் வந்தது. சனிக்கிழமை விருந்து.

கல் வந்த அன்றே மகள் வெர்லின் ஆளனுப்பி ஓர்மண்டைக் கூப்பிட்டாள். கூடத்தில் கிடந்த கல்லின் மேலிருந்து வெள்ளைத் துணியை விலக்கினாள். பெயர், வருஷம், கீழே ஆழமாக வெட்டிய எழுத்தில் அவர் அன்று சொன்ன அதே வரி.

"மிஸ்டர் ஓர்மண்ட், உங்க வார்த்தைதான். அன்னைக்கே உங்ககிட்ட எழுதி வாங்கி பைபிளுக்குள்ள வச்சிருந்தேன்."

"உங்கம்மாவுக்குத் தகும், வெர்லின்," என்றார். பெருமையில் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு உபகாரம் பண்ணணும். அண்ணன் பொண்ணு டெனீஷ் நாளன்னைக்கு ப்ரூக்ளின்லேர்ந்து வர்றா. வக்கீலுக்குப் படிச்சவ. என்ன அர்த்தம் அத்தைன்னு அவ கேட்டா நான் முழிக்கக் கூடாது. ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினார். மெரிட்ரிஷஸ்: மெரிட் மிகுந்த, உயர்ந்த. அவர் கையெழுத்துத்தான். ஏதோ பத்திரிகைத் தலைப்பில் பார்த்த வார்த்தை. உள்ளேயே மெரிட் உட்கார்ந்திருக்கிறதே, அகராதி எதற்கு என்று அன்று விட்டுவிட்டார். அந்தத் திமிரை என்னவென்று சொல்வது! வக்கீல் பெண் வருகிறாளே என்று இன்றுதான் அகராதியை அலமாரியிலிருந்து இறக்கினார்.

வேசிக்குரிய. வெளியே மினுக்கு, உள்ளே ஒன்றுமில்லாத.

மூன்று தடவை படித்தார். க்ளியோஃபாவுக்கு ஐந்து பிள்ளை, மூன்று தகப்பன். ஒருத்தனும் கூட நிற்கவில்லை. அடுப்பில் வெந்து, ரொட்டி விற்று ஐந்தையும் ஆளாக்கினாள். அவளை இந்த ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று ஓர்மண்டுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரையே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சொல்லி ஊரைக் கைதட்ட வைத்திருக்கிறார். கல் கப்பலிலிருந்து இறங்கிவிட்டது. இனி அந்தக் குடும்பத்தின் மானம்தான் கப்பலேற வேண்டும். நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது அவருக்கு.

வியாழக்கிழமை முழுக்க வெளியே தலைகாட்டவில்லை. ஒரு தாளில் 'உயர்ந்த, பெருமைக்குரிய' என்று எழுதினார். டெனீஷ் போனைத் தட்டினால் ஒரு நொடியில் குட்டு உடைந்துவிடும். கிழித்துப் போட்டார். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் கிழித்தோம், நியாயத்துக்காக இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. அதை நினைத்து இன்னும் கூசிப்போனார்.

வெள்ளிக்கிழமை, டெனீஷின் படகு வருவதற்கு முன்னால் போய் நின்றார். வெர்லின் பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெர்லின், கல்லுல இருக்கிற வார்த்தை தப்பு."

"எழுத்துப் பிழையா?"

"அர்த்தமே தப்பு."

"அப்ப என்னதான் அர்த்தம்?"

இத்தனை வார்த்தை படித்த மனிதர் மென்று விழுங்கினார். பக்கத்தைத் திறந்து அகராதியை நீட்டினார். விரல் வைத்துக் காட்டக்கூடத் துணிச்சல் இல்லை. அவளே தேடிப் படித்தாள்.

படித்துவிட்டு அகராதியை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"குழாயடியில எங்கம்மாவை இதையே சின்ன வார்த்தையில சொல்லுவாங்க," என்றாள். "நான் சின்னப் பொண்ணு. கல்லெடுத்து எறிவேன். நீங்க பெரிய வார்த்தையில சொன்னீங்க. எழுந்து நின்னு கைதட்டினேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம். பேசாதீங்க. பின்னாடி சிமெண்டு இருக்கு, குழைச்சு எடுத்துட்டு வாங்க."

கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடைத்தார். பன்னிரண்டு ஆங்கில எழுத்து. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அடைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக என்ன போடலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒண்ணும் போட வேணாம். வாழ்க்கை வாழ்ந்தவள்னு இருக்கில்ல? வாழ்ந்தா. அவ்வளவுதான்."

சனிக்கிழமை மேளம் முழங்க, ரம்மும் தண்ணீரும் தெளித்துக் கல்லை நட்டார்கள். ஓர்மண்ட் எல்லாருக்கும் பின்னால் நின்றார். டெனீஷ் குனிந்து சிமெண்டுத் திட்டை விரலால் தடவினாள்.

"அத்தை, இங்க ஏதோ இருந்திருக்கே. என்ன எழுதியிருந்துச்சு?"

"மிஸ்டர் ஓர்மண்டைக் கேளு," என்றாள் வெர்லின். "பெரிய வார்த்தையெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

ஊரே அவர் பக்கம் திரும்பியது. ஐயா பேசப்போகிறார் என்று சிலர் கைதட்டக்கூடத் தயாராகிவிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர் க்ளியோஃபாவை முதுகுக்குப் பின்னாடி என்ன சொல்லுச்சோ, அதுதான் எழுதியிருந்துச்சும்மா. நான் சொன்னது. தெரியாமதான் சொன்னேன். ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

யாரும் தட்டவில்லை. அந்தக் காலத்தில் குழாயடியில் தண்ணீர் பிடித்த பெண்கள் நாலைந்து பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.