மூன்று கதவு எண்கள்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. செகந்திராபாத்தின் ஒரு மாநகராட்சி வட்ட அலுவலகத்தில், நூற்றுப் பன்னிரண்டு பழைய கட்டிடங்கள் அடங்கிய பாதுகாப்புப் பட்டியல் அமலுக்கு வந்தது.

தயாரித்தவள் ஆக்னஸ், நாகர்கோவில்காரி, ஒப்பந்த ஊழியர். டெல்லியிலிருந்து வந்த மாதிரிப் படிவத்தில் ஒரு வீட்டுக்குப் பதினான்கு பக்கம். வளைவு, சுண்ணாம்புக் காரை, ஜன்னல் மரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நகரமைப்பு அதிகாரி கிருஷ்ணபிரசாத் சென்னையில் படித்தவர். புரட்டிப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்:

"பிஎச்டிக்கு நல்லாருக்கும் மேடம். எங்க கவுண்டர்ல ஒரு அப்ளிகேஷனுக்கு மூணு நிமிஷம்தான். டோர் நம்பர் அடிச்சா, லிஸ்ட்ல இருந்தா கம்ப்யூட்டரே அப்ளிகேஷனை நிறுத்தணும். அவ்ளோதான்."

அதில் நியாயம் இருந்தது. ஆக்னஸ் எட்டு மாதம் தனியாக அலைந்து, பதினான்கு பக்கத்தை ஒரு வரியாக்கினாள்: கதவு எண், தரம், தொடக்கூடாத பகுதிகள். ஆவண அறையில் அலமாரிகளுக்கு நடுவே அவள் மேஜை. சில நாள் யாரோடும் பேசாமலே போய்விடும். சாயங்காலம் ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

அந்த எட்டு மாதத்தில் சாப்பிட்டீர்களா என்று அவளைக் கேட்ட ஒரே ஆள் ஆனந்தகுமார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ரயில்வேயில் ஓய்வு பெற்று, மாரெட்பள்ளியில் தாத்தா கட்டிய வீட்டில் தனியாக இருப்பவர். அண்ணன்கள் இருவரும் தங்கள் பங்கை பில்டரிடம் கொடுக்கத் துடித்தார்கள். பட்டியலில் வந்தால் வீடு தப்பும்.

"போட்டீங்களா மேடம்?" என்று மூன்று முறை போனில் கேட்டார்.

"போட்டாச்சு சார்." கேட்டில் இருந்த நீல எண் தகட்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள்.

ஜூலையில் அவர் ஒரு காகிதத்தோடு ஆவண அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணனுங்களுக்கு இடிக்க பர்மிஷன் வந்துடுச்சு. உங்க ஆபீஸ்தான் குடுத்திருக்கு."

"அது எப்படி சார்? வீடு லிஸ்ட்ல இருக்குல்லா."

"ஹவ், ஆமா, இருக்கு. என் நடு போர்ஷன் மட்டும். பாகம் பிரிச்சப்பவே மூணு நம்பர் ஆயிடுச்சு. மத்த ரெண்டு தகடும் பக்கத்துச் சந்துல இருக்கு மேடம்."

பழைய படிவத்தில் வீட்டை வரைவதற்கென்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. வரைந்திருந்தால் சந்துக்குள் போயிருப்பாள். கவுண்டருக்கு எதற்கு என்று முதலில் கழித்துவிட்டது அந்தப் பக்கத்தைத்தான்.

"தப்பு என்னோடது சார். திருத்தம் போடுதேன்."

"இப்ப கைக்கு, எதுக்கு மேடம்? நடுவுல நான் மட்டும் நிப்பேன். என் பங்கை இனிமே இடிக்கவும் முடியாது, எவனும் வாங்கவும் மாட்டான். நல்லா காப்பாத்துனீங்க போங்க." சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கிருஷ்ணபிரசாத் திருத்தக் குறிப்பில் உடனே கையெழுத்திட்டார். கொடுத்த அனுமதியை நிறுத்தத் தன்னால் முடியாது, எண்ணைச் சேர்ப்பது பட்டியலுக்கான குழுவின் வேலை, குழு இனி கூடுவது செப்டம்பரில் என்றார். பிறகு ஆறுதலாக, "லிஸ்ட் நல்லா வேலை செய்யுது மேடம். கவுண்டர்ல எல்லாரும் சொல்றாங்க."

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆக்னஸ் அந்தத் தெருவுக்குப் போனாள். நடுப்பகுதி மட்டும் நின்றது. அறுபட்ட கூரையின் இரு பக்கமும் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. கேட்டருகே நின்று போன் செய்தாள். உள்ளே மணி அடிப்பது கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 4 அன்று குழு கூடியது. இரண்டு கதவு எண்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த எண்களில் கட்டிடம் இல்லை.