அக்கரையில் ஆனி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பலெர்மோவின் கபோ சந்தையில் கணவாய் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். யோசப்பின் என்கிற அக்கா வந்து தோளில் தட்டினார்.

"தம்பி, நீர் கதை எழுதிறனீர் எல்லே? என்னட்டை ஒரு பொய் கிடக்கு. அதை என்ன செய்யிறது எண்டு சொல்லும்."

கணவாய் நிறுத்து முடியுமுன் பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். மற்றப் பாதி சிரிப்பில் அடிபட்டுப் போனது. வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

பனி போர்த்திய மலைகளின் நடுவே, காலம் கைவிட்ட ஒரு

(அடித்துவிட்டேன். அது வெயில் காலம். பனியே இல்லை.)

எல்லைகள் என்பவை மனிதர்கள் தங்களுக்குள்ளேயே

(இதுவும் வேண்டாம். அக்கா வாசித்தால் கொட்டாவி விடுவார்.)

நடந்ததையே சொல்கிறேன்.

2

யோசப்பின் மன்னார்க்காரி. லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா (இத்தாலியனில் 'அம்மணி') அனாயித் வீட்டில் வேலை. சிஞ்ஞோரா ஆர்மேனியப் பெண். இன்று துருக்கியில் இருக்கும் கார்ஸில் பிறந்து, கைக்குழந்தையாக யுத்தத்துக்குள்ளால் தூக்கிவரப்பட்டு, ஊர் ஊராய் அலைந்து, கடைசியில் பலெர்மோவில் ஒரு வக்கீலைக் கட்டியவர். இப்போது வக்கீல் இல்லை. வீடும் யோசப்பினும்தான்.

அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஆனி என்றொரு நகரம் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் அரசர்கள் வாழ்ந்த இடம், இன்று வெறும் இடிபாடு. தாய் சோறூட்டும்போது சொன்ன கதையெல்லாம் அந்த நகரத்துக் கதைதான். சாகமுன் அதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் ஆசை. ஆனால் நகரம் துருக்கிப் பக்கம். தன் சனத்தைத் துரத்திய அந்தப் பக்கம் கால் வைக்க அவருக்கு மனமில்லை. ஆர்மேனியப் பக்கத்தால் போனால் எல்லை பூட்டு. இந்தக் கரையில் நின்று, ஆற்றுக்கு மேலால் பார்க்கலாம். அவ்வளவுதான்.

போதாததற்குக் கண்ணில் புரை. வைத்தியர் ஒப்பரேசனுக்கு நாள் கேட்டார். "வெட்டி, உள்ளதும் போனால்? முதலிலை ஆனி, பிறகு கத்தி" என்றுவிட்டார் சிஞ்ஞோரா.

தொண்ணூற்றேழாம் வருடம் ஆவணியில் ஒருநாள் காலைக் கோப்பியோடு, "யோசப்பினா, ஆனிக்குப் போறம்" என்றார்.

'ஆனி போய் ஆடியும் போட்டுதே' என்று யோசப்பின் மனதுக்குள் கணக்குப் பார்த்தார்.

(அவர்கள் கதைத்தது இத்தாலியனில். எனக்கு வந்தது மன்னார்த் தமிழில். வழியில் எதெது கொட்டுப்பட்டது என்று எனக்குத் தெரியாது.)

3

இந்த இடத்தில் ஒரு நல்ல பந்தி இருந்தது. பூட்டிய எல்லையைக் கண்டதும் யோசப்பினின் கண்ணில் மன்னார்க் கடல் தெரிகிறது, நெஞ்சு விம்முகிறது என்று எழுதி, டெலிபோனில் வாசித்துக் காட்டினேன்.

"ஐயோ தம்பி, என்னை அழப்பண்ணாதையும்! நான் அங்கை மன்னாரை நினைக்கவே இல்லை. எனக்கு ஒண்டுக்கு வந்திட்டுது. மறைவுக்கு ஒரு மரமும் இல்லை."

"வேறை ஒண்டும் நினைக்கேல்லையோ அக்கா?"

"நினைச்சனான். இத்தாலிக்கு வரேக்கை நான் லொறிக்குள்ளை, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சு வந்தனான். எல்லை எண்டால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிற இடம். இந்தமுறை பிளேனிலை ஜன்னல் சீற்! எல்லையைச் சும்மா பாக்கப் போறன்! சந்தோசத்திலை எனக்குக் கால் நிலத்திலை நிக்கேல்லை."

பந்தியைக் கிழித்துப் போட்டேன். கவலையாகத்தான் இருந்தது. வடிவான பந்தி.

4

பள்ளத்தாக்கின் விளிம்பு. அனுமதித் தாள் காட்டி ஏறி வந்தாயிற்று. காவலுக்கு ஒரு ரஷ்யச் சிப்பாய்; ஆர்மேனியாவின் அந்த எல்லையை ரஷ்யப் படைதான் காக்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. சிஞ்ஞோரா, கணவர் ஒப்பெரா பார்க்க வைத்திருந்த சின்னத் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். கனநேரம் வைத்திருந்தார்.

"பால்" என்றார். "எல்லாம் பால் மாதிரி வெள்ளை. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனான்?"

யோசப்பின் கண்ணாடியை வாங்கினார்.

"நான் பாத்துச் சொல்லுறன்."

முதலில் உள்ளதைத்தான் சொன்னார். ஒரு கோயில், வத்தகப்பழத்தைப் பாதியாய் வெட்டி வைத்ததுபோல. மற்றப் பாதி கீழே கொட்டிக் கிடக்கிறது. ஆற்றில் ஒரு பாலம், நடுத்துண்டு இல்லை. சுவர். புல். மாடு. ஒவ்வொரு சொல்லுக்கும் சிஞ்ஞோரா கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டு போனார்.

"பெரிய கோயில்? அதின்ரை குவிமாடம்?"

பெரிய கோயில் நின்றது. குவிமாடம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாய் ஆகாயம்.

"இருக்கு" என்றார் யோசப்பின். "முழுசா இருக்கு. மேலை குருசும் இருக்கு."

சிஞ்ஞோரா யோசப்பினின் பக்கம் திரும்பினார். பிறகு, "குருசுமோ?" என்றார்.

"ஓம். வெயிலுக்கு மினுங்குது."

"கோயில் மணி?"

"ரெண்டு மணி!"

சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. யோசப்பினுக்கும் தொற்றிவிட்டது. அக்கரையில் மாடு மேய்த்த ஒருவன் நிமிர்ந்து பார்த்து, ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். யோசப்பின் இரண்டு கையையும் ஆட்டினார்.

"என்ன நடக்குது?"

"துருக்கிக்காரன் ஒருத்தன் எங்களுக்குக் கை காட்டுறான், சிஞ்ஞோரா!"

சிஞ்ஞோரா ஊன்றுதடியைத் தூக்கிச் சுழற்றினார். சிப்பாய் கத்திக்கொண்டு ஓடி வந்தான். கை காட்டக் கூடாதாம்! இரண்டு பெண்களும் கண்ணீர் வழியச் சிரிப்பதைப் பார்த்து, தூரக்கண்ணாடியைப் பறித்து, அப்படி என்னதான் அங்கே என்று தானும் தேடினான். ஒன்றுமில்லை. தலையைச் சொறிந்தான்.

5

ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. சிஞ்ஞோரா இப்போது அலுமாரிக்கு மேல் கிடக்கும் தூசியையும் கண்டுபிடிக்கிறார். இரண்டு ரிக்கற்றும் எடுத்தாயிற்று. "யோசப்பினா, புதுக் கண்ணோடை ஆனி பாப்பம்!"

அதனால்தான் அக்கா கணவாய்க் கடைவரை என்னைத் தேடி வந்தார். நான் விசாரித்தேன். அந்தக் குவிமாடம் ஒரு நிலநடுக்கத்தில் விழுந்து அறுநூறு வருடத்துக்கும் மேல். ஆனியைப் பற்றி யார் எழுதினாலும் அதை எழுதியிருக்கிறார்கள். சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இதைச் சொன்னபோதுதான் யோசப்பின் அக்கா முதல்தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார்.

"தெரிஞ்சுகொண்டோ தம்பி மணியையும் கேட்டவ?"

நான் ஒரு முடிவு எழுதினேன். சிஞ்ஞோரா புதுக் கண்ணால் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, "குருசு கொஞ்சம் சரிஞ்சிருக்கு" என்கிறார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "விசரே உமக்கு? தடியாலை போடுவா." அவருடைய முடிவில், பிளேன் ஏறமுன்பே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயணமே நின்றுபோனால், பிறகு அந்த மாடு மேய்ப்பவனுக்கு யார் கை காட்டுவது?

ஆகவே முடிவைப் பார்க்க நீங்களே வாருங்கள். இப்படி, விளிம்புக்குக் கிட்ட. காற்று பொல்லாதது, தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிஞ்ஞோரா தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டார். யோசப்பின் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். சிஞ்ஞோரா அவர் பக்கம் திரும்புகிறார். வாயைத் திறந்து,