பட்டன் டப்பாவில் இருந்த பிராசசர்

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அக்காவின் தொழில். அவளுடைய கம்ப்யூட்டர் அரதப்பழசு. ஒரு சுவரை நகர்த்தினால், படம் திரையில் மறுபடி வந்து சேர்வதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். கம்ப்யூட்டர் மெக்கானிக்கான தம்பி அவளிடமே வரைபடம் போடவும் கற்றுக்கொண்டவன். அவன்தான் போன வருடம் அதற்கு உயிர் கொடுத்தான். பழைய பிராசசரைக் கழற்றிவிட்டு, அது இருந்த குழியில் வேகம் கூட்டும் கார்டு ஒன்றின் ஒயரைச் செருகினான். சுவர் கண் இமைப்பதற்குள் நகர்ந்தது.

"இதைப் பத்திரமா வச்சுக்கோக்கா. கார்டு போச்சுன்னா இதுதான் கை கொடுக்கும்" என்று கழற்றியதை அவளிடம் தந்தான். அலுமினியத் தாளில் சுற்றித் தையல் பட்டன் டப்பாவில் போட்டாள். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

தூசு தட்டுகிறேன் என்று அவன் வந்துபோனதிலிருந்து, இரண்டு வாரமாகச் சுவர் மறுபடி அடம்பிடித்தது. அவனிடமே புலம்பினாள்.

"வேகம் பழகிட்டா அதே வேகம் மெதுவாத்தான் தெரியும். மெஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா, உனக்குத்தான் பொறுமை போச்சு, கண்ணும் போச்சு" என்று சிரித்தான்.

நம்பினாள், பைத்தியக்காரி. கண்ணாடியைக்கூட மாற்றினாள். இன்ஜினியர் ஒருவர் கேட்ட பள்ளிக்கூட வரைபடம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். போனால் அவர் வேலை முழுக்க இனி அவளுக்குத்தான். சமையலைக் கணவன் தலையில் கட்டிவிட்டு மூன்று நாள் நாற்காலியே கதி என்று கிடந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பாதிகூட முடியவில்லை. ஒரு நாள் தவணை கேட்டுப் போன் செய்தாள்.

"எதுக்கும்மா? உங்க தம்பி நேத்தே முடிச்சுக் குடுத்துட்டாரே" என்றார் இன்ஜினியர். "உங்களுக்கு முடியலைன்னு நீங்கதான் அனுப்பினதா சொன்னாரு."

டப்பாவைக் கவிழ்த்தாள். பட்டன்களோடு வெறும் அலுமினியத் தாள் விழுந்தது. கம்ப்யூட்டர் மூடியைத் திறந்தாள். பழைய பிராசசர் பழைய குழியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கார்டைக் காணோம்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா?"

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனேடா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுமாடா, கண்ணாடிக் கடைக்கு என்கூட வந்து ஃப்ரேம் பார்த்துக் குடுத்த?"