சேதப் பட்டியல்

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன் என்றால் எங்கள் ஊர் இலஞ்சியில் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அங்கே என்ன வேலை என்று கேட்பதற்குள் குடித்துவிட வேண்டும். குடும்பங்கள் காலி செய்துபோன குவார்ட்டர்ஸ்களுக்கு நான்தான் பொறுப்பு. என் ஆயுதம் ஒரு சாவிக்கொத்து.

ஓய்வுபெற்ற பிறகும் அதே பிழைப்பு. இங்கே ஒன்பது பட்டாளக்காரர்கள் வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வடக்கே இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் திறந்து, குழாயைத் திருகி, ஃபேனைச் சுற்றவிட்டு வருவேன். சாரல் காலத்தில் பூட்டிய வீட்டுச் சுவர் பத்தே நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் காத்து காட்டுதீரு. நம்ம வீட்டு ஒட்டடைய யாரு பாக்க?" என்பாள் என் மனைவி ஆவுடைத்தாய்.

அந்த ஒன்பது பேரில் ஒருவனான மணிமுத்து ஜூன் மாதம் இறந்துபோனான். சண்டையில் இல்லை, மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தது. காரியமெல்லாம் சிவகிரியில் அவன் அப்பா வீட்டில் முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வடக்கே போன அவன் மனைவி அபி, அங்கிருந்து போன் செய்தாள். இனி இலஞ்சி வீட்டில்தான் இருக்கப்போவதாகச் சொன்னாள். அழவில்லை. நானும் சரி என்றேன், அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஆள் வருமுன் பழைய தடமே தெரியாமல் சுவருக்கு வெள்ளையடிப்பது. அடித்துவைத்தேன்.

வந்தவள் பையைக்கூட இறக்காமல் சமையலறைக்குப் போய்ச் சுவர் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இங்கன அவுக எழுதியிருந்தாகளே."

அப்போதுதான் உறைத்தது. கடைசி லீவில் மணிமுத்து, எந்தச் சாமான் எங்கே வரவேண்டும் என்று வீடு முழுக்கப் பென்சிலால் எழுதிவைத்திருந்தான். குடிவரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் போட்டோகூட எடுக்கவில்லையாம்.

என் கை பழக்கதோஷத்தில் வீட்டு ஒப்படைப்புத் தாளை எடுத்து நீட்டியது. ஃபேன் நான்கு, குழாய் ஐந்து. கீழே, வெள்ளையடிக்குமுன் நான் குறித்த சேதங்கள் பதினொன்று.

'சமையலறை, கிழக்குச் சுவர், நாலடி உயரம், பென்சில்: பிரிட்ஜ் இங்கன.'

'கூடம், ஜன்னலுக்கு இடப்பக்கம், ஐந்தடி: டிவி வேண்டாம், சண்டை வரும்.'

'சமையலறை, கதவுக்கு மேல், ஏழடி: முறுக்கு டின் இங்கன. அபிக்கு எட்டாது.'

கடைசிவரை படித்தாள்.

"இதெல்லாம் சேதமா, அண்ணாச்சி?"

"பட்டாளத்துல அப்படித்தான் எழுதணும், தாயி."

என் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். கையெழுத்துப் போடத்தான் என்று நினைத்தேன்.

"நாலடின்னு போட்டிருக்கு. அளந்து காட்டுங்க."

டேப்பைப் பிடித்தேன். நான் இடம் காட்டக் காட்ட அவள் எழுதிக்கொண்டே போனாள். இருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. எலக்ட்ரீஷியனுக்குக் குறிப்பு வைப்பதுபோல ஒவ்வொரு அறையாக நடந்தோம். கதவுக்கு மேலே இருந்ததைக் கடைசிக்கு விட்டிருந்தாள். நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுதினேன்.