கொசுப்புழுவுக்குப் பேரம்

உண்மைக்கு விலையே கிடையாது என்பார்கள். எங்கள் கடைத்தெருவில் உண்டு. கேட்கிற ஆளைப் பொறுத்து நாற்பது, முப்பத்தைந்து. ரொம்ப வேண்டியவர் என்றால் இருபதுக்கும் படியும்.

இது என் அக்காவுக்குத் தெரியாது. பத்து வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் கொசுக்களோடு குடித்தனம் நடத்துகிறவள். தெருவுக்கு அவள் கொசு டாக்டர். எந்தச் சந்தில் கொசு அதிகமாக முட்டை போடுகிறது என்று கண்டுபிடிக்க, முப்பது கடைகளின் வாசலோரத்தில் ஆளுக்கொரு கறுப்புக் கோப்பையில் தண்ணீர் வைத்தாள். ஐந்தாம் நாள் அவரவர் கோப்பையில் எத்தனை புழு என்று கடைக்காரர்களே எண்ணிச் சொல்ல வேண்டும். அவளுடைய மேலதிகாரிக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை.

"தெருவுல நல்லாத்தாம்மா பேசறீங்க. எண்ணிக்கை தேறுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள நம்பற மாதிரி கணக்கு வரலைன்னா, தெரு வேலையை மூடிட்டு மறுபடி உள்ள வந்து உட்காருங்க."

கோப்பை வைத்த அன்று என் வாளிக்கடை முன்னால் எல்லாரையும் கூட்டி அக்கா விளக்கினாள்.

"கடிக்கிறது பொம்பளைக் கொசு மட்டும்தான்."

"எங்க வீட்லயும் அதேதான்" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"ஆம்பளைக் கொசு பூவுல தேன் குடிச்சிட்டு சும்மா சுத்தும்ணே. முட்டைக்காக ரத்தம் தேடிப் போய் அடி வாங்கறதெல்லாம் அவதான்."

"எங்க வீட்லயும் அதேதான்" என்றார் அவருக்கு எதிர்க்கடை துணிக்கடையம்மா. தெருவே சிரித்தது. அக்கா ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

"எத்தனைண்ணே?"

"நாப்பது" என்றார் பூட்டுக்கடைக்காரர். பேனா காகிதத்தைத் தொட்டதும் அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. "சரி, முப்பத்தஞ்சு போட்டுக்கம்மா. உனக்காக."

"எண்ணினீங்களா, இல்லையா?"

"எண்ணினேன். அதுக்காக? எதிர்க்கடையில என்ன சொன்னாங்க?"

எதிர்க்கடையில், "அவர் சொன்னதுல பாதி போடு" என்றார்கள்.

பதினோரு கடை முடிவதற்குள் அக்கா களைத்துப்போய், என் கடை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தனையும் பொய்டா. இனிமே தெருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடிதான் என் பொழப்பு."

அந்த நேரம் பார்த்து எனக்குச் சரக்கு வந்திறங்கியது. வாளிகளை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே எடுத்தேன்.

"ஏன்டா, அவங்க எண்ணித்தானே அனுப்பியிருப்பாங்க?"

"விக்கிறவன் எண்ணினா அது ஒரு கணக்கா? வாங்கறவன் எண்ணணும்க்கா."

அக்கா துள்ளி எழுந்தாள். "மடச்சி நான்! விக்கிறவங்களையே எண்ணச் சொல்லியிருக்கேன்!"

மதியம் புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொருவரும் எதிர்க்கடைக் கோப்பையை எண்ண வேண்டும். கோப்பைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பூட்டுக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, துணிக்கடையம்மாவின் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி, சொட்டுக் குழாயால் ஒவ்வொரு புழுவாக உறிஞ்சினார்.

"இருபத்தேழு."

"இருபத்தாறு. அது குப்பை."

"நெளியுதேம்மா!"

"நீங்க ஊதினா குப்பையும்தான் நெளியும்!"

அக்கா உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். "புழுதான். இருபத்தேழு."

"கொண்டா அவர் கோப்பையை" என்று புடவையை இழுத்துச் செருகினார் துணிக்கடையம்மா. அதில் நாற்பத்தொன்று. ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை.

கடைசியாக என் கடை. என் கோப்பை காய்ந்து கிடந்தது. வாளி வாங்க வருகிறவர் புழுத் தண்ணீரைப் பார்த்தால் நிற்பாரா? இரண்டாம் நாளே கொட்டிவிட்டிருந்தேன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"பக்கத்துக் கடையில பத்தொன்பதுதானே. எனக்குப் பதினெட்டுன்னு போட்டுடேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் ஒரு சாண் குறைந்துபோனேன்.

சாயங்காலம் மேலதிகாரி பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாராம்.

"இது ஏன் காலி?"

"என் தம்பி கொட்டிட்டான் சார்."

"ஏதாவது ஒரு எண்ணைப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "அடுத்த தெருவுக்கு எத்தனை கோப்பை வேணும்?"

அறிக்கையின் நகலை அக்கா என் கல்லாவுக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதன் அடியில் இப்படி இருக்கிறது: வைத்த கோப்பை முப்பது. எண்ணியது இருபத்தொன்பது. புழு எண்ணூற்று அறுபத்துமூன்று. வர வேண்டியது ஒன்று. தர வேண்டியவர், வாளிக்கடைக்காரர்.