ஒன்பது வருஷத் தாமதம்

பவளக்கார வீதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாமதம் உண்டு. ஒன்றாம் நம்பர் வீட்டில் பேசியது கால் நொடி கழித்து மறுபடி கேட்கும். அதனால் அங்கே யாரும் சண்டையை நீட்டுவதில்லை. மூன்றாம் நம்பரில் நான்கு நொடி. எஸ்தர் டீச்சரின் வீட்டில் ஒன்பது வருஷம்.

தாமதப் பெட்டி கூடத்துச் சுவரில், மின்மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஒலியை ஒரு நொடிக்கு நாற்பத்து நாலாயிரம் துண்டாக நறுக்கும். ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக்கி, வட்டமாக அடுக்கிய அறைகளில் ஒன்றில் வைத்துக்கொண்டே போகும். சுற்றி முடித்துப் பழைய அறைக்கு வந்ததும், உள்ளே இருப்பதை எடுத்து ஒலிக்கும். அந்த இடத்தில் அன்றைய ஒலியை வைக்கும். எஸ்தர் வீட்டுப் பெட்டி ஒரு சுற்று முடிக்க ஒன்பது வருஷம் ஆனது.

அவள் கணவர் தேவசகாயம் இறந்து ஒன்பது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் அவர் அந்த வீட்டில் குளித்தார், வானொலியோடு சேர்ந்து பாடினார், சட்டையைக் காணவில்லை என்று கூப்பிட்டார். ஐம்பத்திரண்டு வயது எஸ்தர் அடுக்களையிலிருந்து பதில் சொன்னாள். அறுபத்தொரு வயது எஸ்தர் கீரை ஆய்ந்தபடி இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரும் வியாழக்கிழமையோடு அது முடிகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த நாளில் அவள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஹாலில் இருந்தாள். வீட்டில் தனியாக இருந்த அவருக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வரவில்லை. அந்தக் கடைசி ஒரு மணி நேரம் அவர் தன்னைக் கூப்பிட்டாரா என்பது ஒன்றுதான் எஸ்தருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

புதன்கிழமை பெட்டி மெக்கானிக் சேவியரை வரவழைத்தாள்.

“அந்தத் திருகக் கூட்டி வைக்கணும், தம்பி. நாளைக்கு வாறது இன்னொரு சுத்துக்கும் வேணும்.”

சேவியர் மூடியைக் கழற்றினான். வெளியே வரும் ஒலியில் எவ்வளவு திரும்ப உள்ளே போக வேண்டும் என்பதைச் சொல்லும் திருகு உள்ளே இருந்தது.

“முக்கால்வாசி வைக்கேன், அக்கா. முழுசா வச்சா அடங்காது. மூணாம் நம்பர்ல அப்படி வச்சுதான் ஒரு தும்மல் பெருத்துப் பெருத்து, அவங்க வீட்டயே காலி பண்ணிட்டாங்க.”

“முக்கால் போதும்.”

“நாளைக்கு நீங்க பேசாதீங்க. பேசினா அதுவும் சேந்து பதிஞ்சிரும்.”

வியாழக்கிழமை கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டேகால் மணிக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“எஸ்தர்,” என்றார் தேவசகாயம். “நெஞ்சு கொஞ்சம் இழுக்குது. பக்கத்து வீட்ல சொல்லியாச்சு, கார் எடுக்கப் போயிருக்காரு. உனக்கு ஆள் அனுப்பல. பிள்ளைங்க பரீட்சை எழுதிட்டு இருக்கும், நீ பதறி ஓடியாருவ. அதான், ஒம்பது வருஷம் கழிச்சு நீ கேக்கட்டும்னு இங்க சொல்லி வைக்கேன்.”

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“முட்டுவலி எப்படி இருக்கு?”

பிறகு பேசாமல் இருந்தார். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு இருந்தார். எஸ்தர் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

“அப்படியா,” என்றார். “சுஜா எங்க இருக்கா?”

மகளைக் கேட்டுவிட்டு மறுபடி இடைவெளி விட்டார். வெறுமையாக ஓடிய அந்த இடைவெளியை எஸ்தரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. முந்தானையை எடுத்தாள்.

“கோயம்புத்தூர்ல. ரெண்டு பிள்ளைங்க. மூத்தவனுக்கு உங்க காது.”

“நல்லது. நீ வீட்ட மாத்திரலியே?”

“இதவிட்டு எங்க போக?” என்று அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார். எப்போதும் அப்படித்தான், அவளை முடிக்க விடமாட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் உள்ளே போய்ப் பதிந்தது.

வெளியே ஹாரன் அடித்தது.

“வாறேன், எஸ்தர்.”

“செருப்ப மாட்டிட்டுப் போங்க,” என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. அதன்பின் அணைக்காமல் போன மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது. எஸ்தர் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலரைக்குப் பூட்டு திறந்தது. வேகமான காலடி கூடத்துக்கு வந்தது.

“என்னங்க? எங்க இருக்கிய?” என்றது ஐம்பத்திரண்டு வயதுக் குரல்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு,” என்றாள் எஸ்தர். “பதறாத. முகத்தக் கழுவிட்டுப் போ.”

கைப்பை மேசையில் விழும் சத்தம் கேட்டது.

“சரிக்கா,” என்று அவளுக்கே பதில் சொன்னது அந்த ஐம்பத்திரண்டு வயதுக் குரல்.

குழாயில் தண்ணீர் விழுந்தது. பரீட்சை நாளில் அந்த இளைய எஸ்தர் மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எஸ்தருக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்குத் தேநீர் போட்டாள்.